எரிமலைக்கு மஞ்சள் தண்ணீர்

எரிமலைப் பாடத்தை என்னைப்போல் நடத்த எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது என்ற எண்ணம் எனக்கு உண்டு. சமூக அறிவியல் ஆசிரியைக்கு வேறு எதில் பெருமை கிடைக்கப்போகிறது? கணக்கு டீச்சருக்கு டியூஷன் இருந்தது, அறிவியல் டீச்சருக்கு லேப் இருந்தது. எனக்கு இருந்தது கரும்பலகையும் கலர் சாக்பீஸும்தான். சிவப்புச் சாக்பீஸால் பூமியின் வயிற்றிலிருந்து ஒரு குழாயை மேலே இழுத்து, உச்சியைப் பிளந்து, இரண்டு பக்கமும் வழியவிடுவேன். பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாக்களோடு விடியும் முன்பே எழுந்துவிட்டு வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளைகள்கூட அன்றைக்கு விழித்திருப்பார்கள்.

பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே இருப்பதும் பாறைதான், கெட்டிப் பாறை. அவ்வளவு சூட்டிலும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலே அழுத்தும் பாரம். நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் அந்தப் பாரம் குறைகிறது, பாறை உருகுகிறது. ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் செருகிக்கொள்ளும் இடத்தில் கடல் தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. தண்ணீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது என்பதால் மேலே ஏறி வருகிறது. அது நீர்த்திருந்தால் சும்மா வழிந்து ஓடும். கெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, குலுக்கித் திறந்த சோடா பாட்டில் மாதிரி வெடிக்கும். ரசத்தையும் கூழையும் வைத்து இதை விளக்குவேன். ரசம் கொதித்தால் பொங்கி வழியும், கூழ் கொதித்தால் கையில் தெறிக்கும். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

நான் எரிமலையைப் பார்த்ததில்லை. ஊட்டியைத் தாண்டி எந்த மலைக்கும் போனதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எப்போதும் கொஞ்சம் வெட்கம்தான். அதனால் பாடத்தை முடிக்கும்போது, எங்கள் கொங்குப் பக்கம் எரிமலை வர வழியே இல்லை, அடியில் இருப்பது கோடிக்கணக்கான வருஷத்துப் பழைய பாறை, கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அதன் கெட்டித்தனத்தைச் சொல்வார்கள் என்று அழுத்திச் சொல்லி முடிப்பேன். பார்க்காததற்கு அது ஒரு சமாதானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்குழம்பு அடுப்பில் இருந்தபோது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பொங்கலூருக்குப் போகும் வழியில் தறி ஷெட் வைத்திருப்பவர். ஷெட்டுக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக லைன் வீடுகள் கட்டியிருந்தார். அவருடைய பிள்ளை என்னிடம் படித்தது.

“டீச்சருங்க, கொஞ்சம் எங்க ஊடு வரைக்கும் வந்துட்டுப் போகோணும்ங்க.”

“என்னங்க ஆச்சு?”

“லைன் ஊட்டுக்குப் பக்கத்தால நெலம் பொகையுதுங்க. கல்லு உருகி வெளிய வருது. எரிமலைன்னு பேசிக்கறாங்க. நீங்கதான் அதயெல்லாம் பாடம் எடுக்கறீங்கன்னு எம்பட புள்ள சொல்லுச்சுங்க. கேபிள் டிவிக்காரங்க வேற வந்துட்டாங்க.”

கேபிள் டிவி என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நல்ல சேலைக்கு மாறியிருக்க மாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். ரோட்டோரமாகச் செருப்புகள் குவிந்துகிடந்தன. தறி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் எல்லோரும் பேசினார்கள். லைன் வீடுகளின் கடைசி வீட்டுக்கு அருகில் ஒரு மின்கம்பம், அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி சரிவாக வந்து மண்ணில் இறங்குகிறது. இறங்கும் இடத்தில்தான் மண் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. வெல்லப்பாகு போலக் கறுப்பாக ஒன்று பளபளவென்று வழிந்து, விளிம்பில் கண்ணாடியாக இறுகியிருந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம் விடாமல் வந்தது.

கம்பத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் கம்பம் இல்லாத இடம் எது? கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. அந்த இழுவைக் கம்பியிலிருந்து கடைசி வீட்டு ஜன்னல் வரை துணி காயப்போடும் கொடிக்கம்பி கட்டியிருந்ததும் அப்படித்தான். முந்தின நாள் போட்ட பனியன் துணிகள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வாரமாக அந்த வீடுகளில் பல்பு மங்கலாக எரிகிறது, லைன்மேனுக்குச் சொல்ல வேண்டும் என்று தறிக்காரர் வழியில் சொன்னதும் காதில் விழுந்ததோடு சரி.

மாரியம்மன் பொங்கி வந்திருக்கிறாள் என்று பெண்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். சுற்றிலும் வேப்பிலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். அம்மனின் சூட்டைத் தணிக்க ஆளாளுக்குச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றச் சீறிப் புகைந்தது. அது சீறியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பத்தைச் சுற்றி மண் சேறாகிக் கிடந்தது.

செருப்பைக் கழற்றமாட்டேன் என்று வீம்பாக நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். துணிச்சல் வரவில்லை. கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஈர மண்ணில் கால் வைத்ததும் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. எதிரே கேமரா, சுற்றிலும் ஊர்ச்சனம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசிப் பழகியவளுக்கு இந்த வயதில் மேடைக் கூச்சமா என்று எனக்கே கேவலமாக இருந்தது. யாரும் கவனிக்கக் கூடாதே என்று கால் மாற்றி மாற்றி நின்றேன்.

கடைசி வீட்டில் குடியிருந்த பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தான், அன்று ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து, சுனாமியில் வீடு போன பிறகு இங்கே வந்தவர்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட, இவள் மட்டும் என் முழங்கையைத் தொட்டு அக்கா என்றாள். கேமராவுக்கு முன்னால் அது எனக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா, இது பொங்குமா? நாங்க இங்கன இருக்கலாமா? வேற வீடு பாக்கணுமா?”

“பயப்படாதம்மா. சொல்றேன், இரு.”

“கடல் வந்த அன்னைக்கும் எல்லாரும் கரையில நின்னு வேடிக்கதான் பாத்தாவ அக்கா. அதான் கேக்கேன்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். இந்த வீட்டில் இருக்கலாமா, கூடாதா? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்து நிலத்தட்டுகளிலிருந்து ஆரம்பித்தேன். விலகும் தட்டு, செருகும் தட்டு, அழுத்தம், வாயு, ரசம், கூழ், எல்லாம் வந்தது. இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமான் பக்கம் ஒரு தீவில்தான் இருக்கிறது என்று அதன் பெயரோடு சொன்னேன். இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை, இது எரிமலையாக இருக்கவே முடியாது என்று கையை ஆட்டிச் சொன்னேன். நான் சொன்ன எதிலும் தப்பில்லை. இன்றைக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் நான் சொன்னது சரிதான். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

“அப்ப இது என்னதானுங் டீச்சர்?” என்று தறிக்காரர் கேட்டார்.

“அதை ஆராய்ச்சி பண்றவங்க வந்து சொல்வாங்க” என்றேன். எது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எது என்று நான் யோசிக்கவே இல்லை. எரிமலை இல்லை என்றதும் என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன்.

தறிக்காரரின் மனைவிக்கு என் பேச்சில் திருப்தி இல்லை. எரிமலை இல்லையென்றால் அம்மன் என்பது இன்னும் உறுதியாகிவிட்டது அவருக்கு. ஒரு சொம்பை நிறைத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

“உம்பட வாசல்லதான் வந்திருக்கறா. நீ உங்கையால ஊத்தினாத்தான் தணிவா. ஊத்து கண்ணு.”

“நாங்க வேதக்காரவங்கல்லா அம்மா” என்றாள் அவள், மெதுவாக.

“அதனால என்ன சாமி? குடியிருக்கறவ நீதான? மாட்டேன்னு சொல்லலாமா?”

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சொம்பு திரும்பிப் போயிருக்கும். தறிக்காரர் வீட்டம்மா என் பேச்சை மீற மாட்டார். ஆனால் நான் அந்தமான் தீவின் பெயரைச் சரியாகச் சொன்னேனா என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியைப் பகைத்துக்கொண்டு எங்கே குடியிருப்பது? அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

சேற்றுக்குள் இறங்கி, குனிந்து ஊற்றினாள். புகை முகத்தில் அடித்தது. பின்வாங்கியபோது கால் வழுக்கி, விழாமல் இருக்க வலது கையால் கொடிக்கம்பியைப் பிடித்தாள். சொம்பு உருண்டது. அவள் உடம்பு தலையிலிருந்து கால்வரை உதற ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. பல் இறுகி, தொண்டைக்குள்ளிருந்து ஊமைச் சத்தம் வந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள்.

“வேதக்காரப் புள்ள மேலயே வந்துட்டாளே” என்று யாரோ மெய்சிலிர்த்துப் போய்ச் சொன்னார்கள். கூட்டத்தில் பாதி கையெடுத்துக் கும்பிட்டது. கேமராக்காரர் கிட்டே போனார். அவளுடைய வலது கை கம்பியிலேயே ஒட்டியிருந்தது. இடது கையை என்னை நோக்கி நீட்டினாள். விரல்கள் விறைத்து விரிந்திருந்தன.

“டீச்சர், உங்களத்தான் கூப்புடறா. வாக்குச் சொல்லப்போறாளாட்ட இருக்குது. கையப் புடிங்க” என்றார் தறிக்காரரின் மனைவி.

எனக்கு வந்தது எரிச்சல். இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசியதற்குப் பலன் இதுதானா? சாமி வந்தவள் இடது கையையா நீட்டுவாள்? வேதக்காரிக்கு நடிக்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்காரியிடம் நல்ல பெயர் வாங்க இப்படியும் ஒரு நாடகமா என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது வழக்கமான பவர் கட் வந்தது. அது மின்வெட்டுக் காலம், தினமும் போவதுதான். ஷெட்டில் தறிகள் ஒவ்வொன்றாய் இழுத்து இழுத்து ஓய்ந்தன. உஸ்ஸென்ற சத்தம் நின்றது. அவளும் அதே கணத்தில், பிடியை யாரோ விடுவித்ததுபோல், சேற்றில் விழுந்தாள். சாமி ஆடுகிறவர்கள் விழும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். இவளை யாரும் பிடிக்கவில்லை.

தறிச் சத்தம் இல்லாத அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. புகை மெலிந்து அடங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தறிக்காரர் ஷெட்டைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கொடிக்கம்பியைப் பார்த்தார்.

“கரண்டுங்க” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டு, பெரிய லைன் கரண்டு இழுவைக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சூட்டில்தான் மண்ணும் கல்லும் உருகின. எரிமலைக் குழம்பு ஆறும்போது இறுகுவதுபோலவே இதுவும் இறுகிக் கறுப்புக் கண்ணாடியானது. மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கரண்டுக்கு வழி அகலமானது. நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு அதன்மேல் நின்றிருந்தோம், நான் நிலத்தட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு கம்பத்தைச் சரிசெய்ய வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

அவளைக் காரில் தூக்கிப் போட்டுப் பல்லடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டார்கள். பாதத்தில் ஏதோ ஏறியது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மனின் அருள் என்று நினைத்து, வெளியே சொன்னால் போய்விடும் என்று வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்கள். நான் என் கூச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். காலில் கரண்டு ஏறுகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த நாள் கேபிள் டிவியில் அதைப் போட்டார்கள். கரண்டு விஷயத்தையும் கடைசியில் ஒரு வரி சொன்னார்கள், ஆனால் அதற்கு முன்பு அவள் தலைவிரி கோலமாக உதறுவதை, குலவைச் சத்தத்தோடு, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஓரத்தில் நான் தெரிந்தேன். முந்தானையைச் சுற்றிக்கொண்டு, அசிங்கத்தை மிதித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு. என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பள்ளியில் எனக்குக் கைகொடுத்தார்கள். டீச்சர் அன்றைக்கே எரிமலை இல்லை என்று அடித்துச் சொன்னார்களே என்று தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். நல்லவேளை நீங்கள் தொடவில்லை, தொட்டிருந்தால் உங்களையும் இழுத்திருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். கரண்டு என்று தெரிந்து தொடாமல் இருந்திருந்தால் அது புத்தி. உலர்ந்த கம்பு ஒன்றை எடுத்துக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். நான் தொடாததற்குக் காரணம் எனக்கும் தெரியும், டிவியில் என் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. ஒருவரும் கேட்கவில்லை. பிரார்த்தனை மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டியபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்தினேன். திருத்த வேண்டிய தாள்கள் இருக்கின்றன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒருவழியாக ஒரு சனிக்கிழமை ஆரஞ்சுப் பழங்களும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். வலது கையில் பெரிய கட்டு. விரல் இரண்டு மடங்காது போலிருக்கிறது, இனிமேல் செக்கிங் வேலைக்கு எடுப்பார்களோ என்னவோ என்றான் கணவன். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ வாங்கிவரக் கீழே போனான். என்னை இப்படி மரியாதையாக நடத்துகிறார்களே என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

அவள் குரல் கம்மியிருந்தது. முதலில் பழத்துக்கு எதற்குச் செலவு என்றாள். பிறகு கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

“அக்கா, ஒரு உதவி செய்வியளா?”

“சொல்லும்மா.”

“எங்க ஜெப வீட்டுல ஒருத்தரும் வந்து பாக்கல. டிவியில பாத்துட்டாவளாம். நான் அம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, அம்மன் ஏறி ஆடுனேன்னு சொல்லுதாவ. பாஸ்டரம்மாவுக்கு இவுக போன் பண்ணுனா எடுக்க மாட்டுக்காவ. கரண்டுன்னு சொன்னா, சமாளிக்கேன்னு நெனைக்காவ.” கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கி, முடியாமல் இடது கையால் துடைத்துக்கொண்டாள். “ஊரும் இல்ல, கடலும் இல்ல. இங்க எங்களுக்கு அந்த நாலு பேருதான் அக்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பக்கத்துலயே நின்னிய. டீச்சர் சொன்னா நம்புவாவ.”

ஏதாவது ஒன்று செய்ய வழி கிடைத்ததே என்று எனக்கு நெஞ்சு இலேசானது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோலவே உறுதியாகச் சொன்னேன்.

“நாளைக்கே போறேன். யார் கேட்டாலும் சொல்றேன். நீ ஆடலைன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் முகம் தெளிந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பவே தெரியுமா அக்கா?”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியும் என்றால், நீட்டிய கையை விட்டுவிட்டு ஏன் பின்னால் போனேன் என்று ஆகும். தெரியாது என்றால், அவளைப் பற்றி அப்போது என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.